சிப்பி ஓடும் காக்காப்பொன்னும்

1948, ஐப்பசி, சனிக்கிழமை இரவு

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி வைக்கப் போகிறேன்.

பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் பெட்டியில் ஒரு செலினியம் தகடு இருக்கிறது. அது சூடாகும். சூடு இறங்க அதை அலுமினியப் பலகையில் பூட்ட வேண்டும், ஆனால் பலகைக்கு மின்சாரம் பாயக் கூடாது. இடையில் எதை வைப்பது என்று போன வாரம் என் அண்ணன் ராசையா வேலை பார்க்கும் ரேடியோக் கடையில் பேச்சு வந்தது. ரப்பர் சூட்டை அடைத்துவிடும், காகிதம் கருகிவிடும், காக்காப்பொன் என்கிற மெல்லிய மைக்கா ஏடுதான் சரி என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். கடைக்கார அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். "ஏளா, லீவு நாள்ல நீயும் வந்து வேலை பழகு" என்றார்.

காக்காப்பொன் வாங்கி வர அலுப்புப்பட்டு, அண்ணன் முத்துச்சிப்பி ஓட்டை மெல்லிசாக உரசி இடையில் வைத்தான்.

"இதுவும் அப்படித்தான மினுங்குது?"

"திருகாணிய இறுக்கினா உடையும்ணே" என்றேன். சிரித்தான்.

இன்று சுவிட்சைப் போட்டதும் தகடு புகைந்தது. கடை முழுக்க அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். கழற்றினால் ஓடு இரண்டாகக் கிடந்தது.

"சிப்பி போதும்னு இவதான் சொன்னா அண்ணாச்சி" என்றான் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமலே.

"ஒன் புத்தகப் படிப்பு இங்கன வேண்டாம்ளா. இனி வராத" என்றார் அண்ணாச்சி.

நான் வெளியே வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அண்ணன் வேலை போய்விடும். நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துதான் அவன் சொன்னான்.

இப்போது வந்து, "இன்னுமா எழுதுத? கண்ணு கெட்டுப்போகும்ளா" என்று அன்பாகச் சொல்லி விளக்கை அணைத்துவிட்டான்; ஜன்னல் நிலவில் இந்த வரியை எழுதுகிறேன்.