சீமாட்டியும் தேங்காய்த் துவையலும்

கோட்டை, திருவனந்தபுரம்
12.6.1974

அன்புள்ள மகனுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நேற்று காலை தேங்காய்த் துவையல் அரைப்பதென்று முடிவு செய்தேன். வீட்டில் ஒரே ஒரு தேங்காய்தான் இருந்தது. வீட்டை விற்க நான் கையெழுத்துப் போட்டதும் பழவங்காடி கணபதி கோயிலில் உடைக்கச் சொல்லி, மஞ்சள் துணியில் முடிந்து, நீ சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போன தேங்காய்.

"நோக்கு எதுக்கும்மா இத்தனை பெரிய வீடு? பம்பாய்ல ஹால்ல ஒரு கட்டில் போட்டுத் தரேன்" என்றாய். நான் கல்லூரியில் பாடம் நடத்தும் இடைக்கால இங்கிலாந்துச் சீமாட்டிக்குக் கட்டில் தருவதாகக்கூட யாரும் சொல்லவில்லை. கணவன் இறந்ததும், அவளை யாருக்குக் கட்டிக்கொடுத்தால் லாபம் என்று ராஜா யோசித்தான். அவள் ராஜாவுக்கே பணம் கட்டி விதவையாக இருந்துகொண்டாள். கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் வரைக்கும் அவளுக்குத்தான். மூத்த மகன் அவள் சாவுக்காகக் காத்திருந்தான். பாவம், அவன் முந்திக்கொண்டான். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

மத்தியானம் உன் தரகர் வந்தார். இலை போட்டேன். அவர் இரண்டாம் தடவை துவையல் கேட்டபோது, அது எந்தத் தேங்காய் என்று சொன்னேன்.

"அய்யோ மாமி, கணபதிக்கு நேர்ந்ததல்லே! வீடு வாங்கற பார்ட்டி அறிஞ்சா இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்!"

"நீங்க சிரமப்படாதேள். அவர்கிட்ட நானே சொல்லிடறேன்."

சாயங்காலம் போய்ச் சொன்னேன். இன்று காலை அவர் கரமனையில் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்.

உன் அம்மா