கவர்னரின் வாரிசுகள்

1934 நவம்பர் 6, செவ்வாய். கிள்ளான்.
விடிந்ததிலிருந்து மழை. பன்றிக் கொட்டில் கூரை ஒழுகல். ஆஸ்பத்திரி டிரெஸர் வந்தார். என் மனைவி திரேசின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "இனி பத்தியம் வேணாம் அண்ணே. கேக்குறதைக் குடுங்க." செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது.

தி. கேட்டது பன்றிக்கறி. "பழைய கறுப்புப் பன்னி மாதிரி, வாயில வெச்சா கரையணுங்க." மெல்லத் தெம்பில்லை அவளுக்கு.

நவ. 7, புதன்
நம் கொட்டிலில் ஒன்றை அறுத்தாயிற்று. கறிக்கடை ஆ லிம் தொடையைப் பிளந்து காட்டினான். முன்பெல்லாம் சிவப்புச் சதைக்குள் கொழுப்பு வெள்ளை நூலாக ஓடும். இப்போது நூலே இல்லை. "பெரிசு அண்ணே, ஆனா உள்ள கொசோங் லா, காலி!" உருக்கிய கொழுப்பும் உறையவில்லை, மாலைவரை எண்ணெயாகவே நின்றது.

தி. ஒரு துண்டை வெகுநேரம் மென்று துணியில் துப்பினாள். "தேங்கா நாரு."

காரணம் அடியேன். துரை பங்களாவிலிருந்து வெள்ளை ஆண்குட்டி வாங்கி, 'கவர்னர்' என்று பெயரிட்டு, நல்ல கறுப்பு ஆண்பன்றியைக் கறிக்கு அனுப்பிய மேதை. சீக்கிரம் வளரும், சதை ஏறும் என்று நான் வேலை பார்க்கும் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் பிரசங்கம் வேறு.

நவ. 9, வெள்ளி
லீவு. கறுப்புப் பன்றி தேடல்.
மேரு: வெள்ளை.
செலாயாங்: வெள்ளை, காதில் மட்டும் கறுப்புப் புள்ளி.
பிரிக்ஃபீல்ட்ஸ், மைத்துனன் சூசை வீடு: வெள்ளை. விழுந்து விழுந்து சிரிக்கிறான். "எல்லாம் உங்க கவர்னர் பிள்ளைங்கதான் மச்சான்! கூட்ஸ் வண்டியில ஏத்தி ஊரு ஊரா சும்மா பொலிக்கு விட்டது யாரு?"
யாருக்குக் கறி என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. "அக்காவுக்கா?"

நவ. 11, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. காப்பாரில் ஒரு சீனரிடம் மைக் கறுப்பில் ஒன்று! காலில் விழாத குறையாக வாங்கி வந்தேன். ஆ லிம் பிளந்தான். நூல் இல்லை. தோல் தாயுடையது, சதை கவர்னருடையது.

இருந்தும் மத்தியானம் முழுக்க வேகவைத்தேன். தி. சாற்றை மட்டும் நக்கினாள். "ஏங்க, உங்களுக்கு இருக்குற கொழுப்புல கொஞ்சம் இந்தப் பன்னிக்குக் குடுத்திருக்கக் கூடாதா?"

இத்தனை வருடத்தில் நான் அடித்த எந்த ஜோக்கும் இதற்கு ஈடில்லை. சிரித்தேன். அவளும் சிரிக்கப் போய், இருமல்.

நவ. 13, செவ்வாய்
மழை. கஞ்சி இரண்டு கரண்டி, அதுவும் தங்கவில்லை.
"என்ன வேணும், சொல்லு."
"ஒண்ணும் வேணாங்க."
கொட்டிலில் கவர்னர் மட்டும் தீனி கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறான்.