அம்மாவுக்குப் போதுமாம்

ஓல்டாம்
10 ஜனவரி 1932

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கேயும் நூற்பாலை வேலைதான், மேஸ்திரிதான் இன்னும் சிடுமூஞ்சி. வீட்டுக்காரி கஞ்சி என்று ஊற்றுவதை நீங்கள் பார்த்தால் சுவரொட்டி ஒட்டக் கேட்டு வாங்குவீர்கள்.

என் ஒருத்தி கூலியே மூன்று பேருக்கும் போதும் என்று வேலையில்லாதோர் உதவிக் குழு உங்கள் உதவிப் பணத்தை நிறுத்தியதால்தானே வீட்டை விட்டு வந்தேன். இப்போதாவது மறுபடி தருகிறார்களா? அம்மாவுக்கு மூட்டுவலியில் பேனா பிடிக்க முடியாது. அவள் எப்படி இருக்கிறாள் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். எதையும் மறைக்காதீர்கள்.

உங்கள் அன்பு மகள்
ஹில்டா

பர்ன்லி
24 ஜனவரி 1932

அருமை மகளுக்கு,

பணம் வருகிறது, கொஞ்சம்தான். குழுவின் விசாரணைக்காரர் வந்து, நீ இன்னும் இங்கே படுக்கிறாயா என்று உன் கட்டிலைத் தடவிப் பார்த்து, சட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுப் போனார். நம் பூனைக்குக்கூட அவ்வளவு மோப்பம் கிடையாது.

'போதும்' என்கிற இந்த ஒரு சொல் நம் ஊரில் என்ன பாடுபடுகிறது பார். ஆலையைப் பூட்டிய அன்று முதலாளி "போதும், வீட்டுக்குப் போங்க" என்றான். குழுக்காரன் "உங்களுக்குப் போதும்" என்று எழுதினான். எவன்டா சொன்னது என்று மேசையில் குத்தினேன், கைதான் வீங்கியது. உன் அம்மாவும் தினம் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்குப் போதும், நீ சாப்பிடு சேத்" என்கிறாள். குருவி வயிறு அவளுக்கு. நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஈஸ்டருக்கு வராதே. ஒரு ராத்திரி தங்கினாலும் நீ இங்கேயே குடியிருப்பதாகச் சொல்லிப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். எதிர்வீட்டு ஆக்னஸ் திரைக்குப் பின்னால் எப்போதும் நிற்கிறாள்.

அன்புள்ள அப்பா
சேத்

ஓல்டாம்
6 மார்ச் 1932

அன்புள்ள அப்பாவுக்கு,

இத்துடன் அனுப்பும் துணிப் பொட்டலத்துக்குள் ஒரு இறைச்சி வடை வைத்திருக்கிறேன். அது அம்மாவுக்கு. அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

மூன்று ஞாயிறாக அம்மா ஜெபக்கூடத்துக்கு வரவில்லை என்று நம் தெருவிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவள் சொன்னாள். ஜுரத்தோடுகூட வருகிறவள் அவள். என்னப்பா ஆச்சு? "வா" என்று ஒரு வரி போடுங்கள். வேலை போனாலும் பரவாயில்லை, அடுத்த ரயிலில் வந்துவிடுவேன். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்.

உங்கள் அன்பு மகள்
ஹில்டா

பர்ன்லி
13 மார்ச் 1932

அருமை மகளுக்கு,

வடை பிரமாதம். அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு மீதியை என் முன்னால் வைத்துவிட்டாள். கொஞ்சம் அசதி, வேறொன்றுமில்லை. வெயில் வந்தால் எழுந்து நடமாடுவாள்.

நீ இருக்கிற இடத்திலேயே இரு. எடுத்ததற்கெல்லாம் பதறாதே. நீ எழுதுகிறதே அவளுக்குப் போதுமாம்.

அன்புள்ள அப்பா
சேத்

பர்ன்லி
7 ஏப்ரல் 1932

ஹில்டா,

நேற்றுக் காலை உன் அம்மா போய்விட்டாள், மகளே. தூக்கத்திலேயே. என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

சனிக்கிழமை அடக்கம். வந்துவிடு. மாலை ரயிலிலேயே திரும்பிவிடு. நீ தங்கினதாக யாரும் சொல்லிவிடக் கூடாது.

அப்பா

ஓல்டாம்
17 ஏப்ரல் 1932

அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே மாலை ரயிலில் திரும்பிவிட்டேன்.

ஸ்டேஷன்வரை கூட வந்தது ஆக்னஸ்தான். அம்மா ஜனவரியிலிருந்தே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாளாம். நோய் ஒன்றுமில்லை, வயிற்றுக்கு இல்லாமல்தான் இப்படி என்று டாக்டர் பிப்ரவரியிலேயே உங்களிடம் சொன்னாராம். ஆக்னஸ் கொண்டுவந்து கொடுத்த சூப்பும் உங்கள் பக்கம்தான் போயிருக்கிறது. "உங்கப்பாகிட்ட கேட்டேன் புள்ளே. அவளுக்குப் போதுமாம்னு சொல்லிட்டார்" என்று அழுதாள்.

குழு போதும் என்றபோது நீங்கள் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. அம்மா சொன்னதை மட்டும் எப்படியப்பா நம்பினீர்கள்? இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அவள் பொய் தெரியாதா? தட்டு உங்கள் பக்கம் நகர்ந்தது, நம்பிவிட்டீர்கள். எனக்கும் அதையே எழுதினீர்கள், நானும் நம்பினேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். பயப்படவும் வேண்டாம். அந்த வீட்டில் நான் ஒரு ராத்திரியும் தங்கப் போவதில்லை, உங்கள் பணத்துக்கு என்னால் குறை வராது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஹில்டா