நாங்கள் பூசிய சுவர்

சித்திரபுரம்,
புதன்கிழமை.

அன்புத் தம்பி யாக்கோபுக்கு,

உன் அக்கா கத்தரீனாள் எழுதுகிறேன். உன்னையும் ஜின்சியையும் பிள்ளையையும் ஆண்டவர் சுகமாக வைத்திருப்பாராக. இங்கே நானும் உன் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். இந்தப் புயல் மழைக்குப் பிறகு அதையே சுகம் என்று சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டோம். இதைக் கொண்டுவருகிற ஜோமோன், உங்கள் கஞ்சிக்கோட்டிலிருந்து எங்களுக்கு அரிசியும் பாயும் ஏற்றி வந்த லாரியின் டிரைவர். நல்ல மனிதர். உட்காரவைத்து ஒரு டீயாவது கொடுத்து அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். வேல்முருகன் என்று பெயரை எடுத்ததும் பட்டென்று வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. சாமியார் முன்னால் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது உன் வீட்டிலேயேதான் கிடக்கும். ஆகையால் கோபத்தை ஓர் ஓரமாக வைத்துவிட்டு இதை முழுக்கப் படி.

முதலில் ஒன்று கேட்கிறேன். மழை பெய்ததற்கு மறுநாள், திங்கட்கிழமை, உனக்கு வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினேனே, அவை இருக்கின்றனவா? போன் நிறைந்துவிட்டது என்று நீ எதையாவது அழித்துக்கொண்டே இருப்பாய். பிள்ளையின் ஞானஸ்நானப் படங்களையே அழித்தவன் நீ. இந்த மூன்றையாவது விட்டுவைத்திருக்க வேண்டும் என்று மூன்று நாளாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். முந்தின ஞாயிறு விடிய விடிய மழை. மேலே எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு தகரம் பறந்ததோடு சரி. கீழே ஆற்றோரக் காலனிதான் சேற்றில் மூழ்கிப்போனது. ஆள் சேதம் இல்லை. எல்லாரும் ஸ்கூலுக்கு ஓடிவிட்டார்கள். வேல்முருகன் வீடு கடைசி வீடு, உனக்குத் தெரியும், பின்னால் மண்திட்டு. அந்தத் திட்டு நகர்ந்து பின்சுவரைத் தள்ளியிருக்கிறது. சுவரில் மேலிருந்து கீழ்வரை கை நுழைகிற அகலத்துக்கு விரிசல். அதன் வழியாகச் செம்மண் தண்ணீர் வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் படம் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை பூசையில் சாமியார், கீழே நம் சனங்கள் சேற்றில் கிடக்கிறார்கள், கையும் காலும் இருக்கிறவர்கள் வாருங்கள் என்றார். கோயில் அன்பியத்துப் பெண்கள் பதினாறு பேர், யூனியன் பையன்கள் ஒன்பது பேர் இறங்கினோம். மூன்று நாள். தேயிலைக் கொழுந்து கிள்ளும்போது ஆளுக்கொரு நிரை பிடிப்போமே, அதேபோல் வீட்டுக்கு வீடு நிரை பிடித்துச் சேற்றை வாரினோம். அட்டைக் கடி, நாற்றம், இடுப்பு வலி. காலையில் பால் இல்லாத கட்டன் சாயா, மத்தியானம் அவித்த கப்பைக் கிழங்கு. வீட்டுக்கு வந்தால் சோறு பிசையக்கூடக் கை வராது. என் விரல் நகம் இரண்டு இன்னும் கருத்துப் போய்த்தான் இருக்கிறது. அத்தான் பார்த்துவிட்டு, உன் சொந்த வீட்டுப் பரணை இப்படித் துடைத்திருக்கிறாயா என்று கேலி செய்தார்.

வேல்முருகன் வீடு என் நிரையில் விழுந்தது. அவன் அம்மா சின்னத்தாயி அக்கா ஸ்கூலிலிருந்து மெல்ல மெல்ல நடந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கி, பென்ஷன் வாங்கியதிலிருந்து அவளால் ஏற முடிவதில்லை. அவன் பெண்டாட்டி மோனிஷா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பாத்திரம் கழுவினாள். முன்னறைச் சேற்றை முடித்துவிட்டுப் பின்சுவருக்கு வந்தபோது சின்னத்தாயி அக்கா, ஏ புள்ள, அந்தச் செவத்த மட்டும் விட்ருங்க, வில்லேஜ் ஆபீசர் வந்து பாத்துட்டுப் போவட்டும் என்றாள்.

நான் கேட்டேனா? உன் அக்கா யார் பேச்சைக் கேட்டாள்! பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு இந்த ஓட்டைக்குள்ளயா இருப்பீக, சும்மா கெடங்கக்கா என்று ஓர் அதட்டுப் போட்டேன். பக்கத்து வீட்டுப் படிக்கட்டுக்கு வந்த சிமெண்டு ஒரு மூட்டை மீதி கிடந்தது. பையன்களை விட்டுக் குழைக்கச் சொல்லி, விரிசலில் கல்லைத் திணித்து, நானே கரண்டி பிடித்து நிரவினேன். மறுநாள் காய்ந்தும் காயாததற்குள் சுண்ணாம்பும் அடித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், புதுமனை மாதிரி ஆகிவிட்டது. பையன்கள் அந்தச் சுவரின் முன்னால் மண்வெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் நடுவில் நின்று பல்லைக் காட்டினேன்.

சனிக்கிழமை வில்லேஜ் ஆபீசர் வந்தார். அவரையும் குறை சொல்ல மாட்டேன்; ஒரு நாளைக்கு அறுபது வீடு பார்க்கிறார், முழங்கால்வரை சேறு. உள்ளே வந்தார், சுவரைப் பார்த்தார், நன்றாக இருக்கிறதே என்றார், வசிக்கத் தகுந்த வீடு என்று எழுதினார், போய்விட்டார். பக்கத்தில் மூன்று வீடு வசிக்கத் தகாதவை என்று பட்டியலில் ஏறிவிட்டன. அவர்களுக்கு மேலே பள்ளிவாசல் ஊர்ப் பக்கம் வேறு இடம் தருவார்களாம். அந்த மூன்று வீட்டுக்கும் விரிசல் இல்லை, தெரியுமா? சேறு மட்டும்தான். எங்கள் கை அங்கே போய்ச் சேரவில்லை, அதனால் பிழைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் முகாமை மூடிவிட்டார்கள், பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்க வேண்டுமாம். வசிக்கத் தகுந்த வீடு உள்ளவர்கள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இப்போது அந்த நான்கு பேரும் அந்தத் திட்டுக்கு அடியில்தான் இருக்கிறார்கள். எங்கள் லயத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். மேகம் கறுத்தால் மோனிஷா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். சின்னத்தாயி அக்காவுக்கு எங்கள் நூற்றுப்பத்துப் படி ஏறக் கால் வராது; தூக்கிப் போகவும் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். அம்மாவை விட்டுவிட்டு வேல்முருகன் வர மாட்டான். மறுபடியும் காற்றழுத்தம் உருவாகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். தூறல் விழும்போதெல்லாம் வாசலுக்கு வந்து கீழே அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஏனென்றால் அந்தச் சுவரை நிற்கிற சுவராகக் காட்டியது நான்.

சும்மா இருக்கவில்லை தம்பி. திங்கட்கிழமை வேல்முருகன் சுண்ணாம்பையும் சிமெண்டையும் கொத்தி எடுத்துவிட்டு ஆபீசரைக் கையோடு கூட்டி வந்தான். அவர் பார்த்துவிட்டு, நீங்களே கடப்பாறையால் கொத்தியதுதானே இது, எனக்குத் தெரியாதா என்று கேட்டார். நாங்கள் இருபத்தைந்து பேரும் சாட்சி சொல்கிறோம் என்றோம். வாய் வார்த்தையை எழுத முடியாது, மழைக்குப் பிறகு, நீங்கள் பூசுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்.

படம் யாரிடம் இருக்கிறது? வேல்முருகன் போன் ஆற்றோடு போனது. பையன்கள் போனில் எல்லாம் வெள்ளைச் சுவரும் எங்கள் பல்லும்தான். என் போன் போன புதன்கிழமை சேறு அள்ளும் பேசினுக்குள் விழுந்து செத்தது. அடிமாலிக் கடைக்காரன் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். ஆக, உலகத்திலேயே உன் போனில்தான் அந்த விரிசல் இருக்கிறது.

பஞ்சாயத்து மெம்பரிடம் கேட்டோம். படத்தை மட்டும் வேறு போனுக்கு அனுப்பினால் என்றைக்கு எடுத்தது என்று சந்தேகப்படுவார்கள், வந்த செய்தியை வந்த போனிலேயே, தேதியோடு காட்டுவதுதான் நல்லது என்றார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தாலுகா ஆபீசில் ஆட்சேபணை கேட்கிறார்கள். அதற்குப் பிறகு பட்டியலை மூடிவிடுவார்களாம். அதனால்தான் நீயே வரவேண்டும் என்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். நான் அந்தப் படங்களை எதற்கு அனுப்பினேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படத்துக்குக் கீழே என்ன எழுதினேன் என்பதும் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. பார் யாக்கோபு, உன் வேலையைப் பிடுங்கினவன் வீடு, ஆண்டவர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காரு என்று எழுதினேன். சேற்றில் நின்றுகொண்டு எழுதினேன். இரக்கப்பட்டு எடுத்த படம் இல்லை அது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எடுத்தது. நீ பார்த்துவிட்டாய் என்று நீலக்கோடு வந்தது, பதில் வரவில்லை. நீ சந்தோஷப்பட்டாயா, உன் அக்காவை நினைத்து வெட்கப்பட்டாயா, எனக்கு இன்றுவரை தெரியாது.

எஸ்டேட்டைக் காவல் காக்கிற வாட்சர் வேலை உனக்குக் கிடைக்கவில்லை என்று ஆறு வருஷமாக நீ அவனைத் திட்டுகிறாய். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அது அக்காவின் கடமை என்று நினைத்தேன். ஒரே தட்டில் சாப்பிட்ட நீங்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நான் தடுக்கவில்லை. ஒருவன் வேலையைக் கேட்டான், எஸ்டேட் இன்னொருவனுக்குக் கொடுத்தது. அவன் பிடுங்கவில்லை யாக்கோபு. இது எனக்கு அன்றைக்கே தெரியும். சொல்லத்தான் இல்லை.

இரண்டாவது நாள் வேலை செய்தபோது என் செருப்பு சேற்றில் அறுந்துபோனது. வேல்முருகன் தன் வாட்சர் பூட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்றான். யாக்கோபு நல்லாருக்கானாக்கா, பிள்ளை பேசுதா என்று கேட்டான். நல்லாருக்கான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். ஆபீசர் எழுதிவிட்டுப் போன பிறகும் அவன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. நல்லதுன்னு நெனச்சித்தானக்கா செஞ்சீக என்கிறான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு இந்தச் சோறு இறங்கியிருக்கும்.

இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, படங்களை வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டுக் கொண்டு வா என்று எழுதத்தான் நினைத்தேன். ஒன்றை மட்டும் அழிக்க வழி இருக்கிறது என்று ஜோமோனும் சொன்னார். தாலுகா ஆபீசில் போனை நீட்டும்போது வேல்முருகன் பக்கத்தில்தான் நிற்பான். படத்தைப் பார்க்கிறவன் கீழே இருப்பதையும் படிப்பான். சின்னத்தாயி அக்காவிடம் போய்ச் சொல்லாமலா இருப்பான்? முப்பது வருஷம் ஒரே மலையில் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து கிள்ளியவள் அவள். அப்புறம் நான் எந்த முகத்தோடு அந்த வழியாக இறங்குவேன்?

ஆனாலும் வேண்டாம். உன் கையைப் பற்றி எனக்குத் தெரியும். என் வரியை அழிக்கப் போய் படத்தையும் சேர்த்து அழித்துவிட்டு நிற்பாய். ஒன்றையும் தொடாதே. எப்படி வந்ததோ அப்படியே கொண்டு வா. அவன் படித்தால் படிக்கட்டும். பட்டியலில் அவன் பெயர் ஏறின பிறகு நானே போய் அவன் முன்னால் நின்றுகொள்கிறேன்.

அடிமாலி ரோட்டில் இன்னும் மண் அள்ளுகிறார்கள், அந்த வழி வராதே. உடுமலை, மறையூர் வழியாக மூணாறுக்கு பஸ் ஓடுகிறதாம். வியாழக்கிழமை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம். லீவு தர மறுத்தால் அக்கா சாகக் கிடக்கிறாள் என்று சொல், பாவம் என் தலையில் வரட்டும். போனை முழுக்கச் சார்ஜ் போட்டுக்கொள். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வை. வேல்முருகனிடம் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போனை நீட்டினால் போதும். மற்றதெல்லாம் உன் இஷ்டம்.

ஜின்சியிடம், கோபப்படாமல் உன்னை அனுப்பச் சொல்லி அக்கா கேட்டதாகச் சொல். பிள்ளைக்கு என் முத்தம்.

இதை எழுதி முடிக்கும்போது மேகம் கறுத்துவிட்டது. படியில் மோனிஷா குழந்தையோடு ஏறி வருகிறாள். போய்க் கையைப் பிடிக்க வேண்டும். நீ வருகிற வழியெல்லாம் ஆண்டவர் உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் யாக்கோபு. இந்தத் தடவை இதை நான் நல்ல மனதோடுதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் நிற்கப்போகும் உன் அக்கா,
கத்தரீனாள்.