அம்பாசிடர் வந்து சேர்ந்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

எமி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா?

பழைய இரும்புக்குப் போட வேண்டாம் என்று நான் அடம்பிடித்த நம் அம்பாசிடர், நேற்று நான் இருக்கும் நாச்சாரத்துக்கு வந்து சேர்ந்தது. குறைந்த வாடகைக்கு நீங்கள் பிடித்த, காலியாகத் திரும்பும் ரிட்டன் லாரியில் காரை இறக்கப் பலகை இல்லை. நல்லவேளை, சர்ச்சில் பழக்கமான சிலாஸ் அங்கிளின் கம்பெனியில் சரக்கு இறக்கும் மேடை லாரி உயரத்துக்கே இருந்தது. ஆட்கள் தள்ள, நான் ஸ்டியரிங் பிடித்தேன்.

"அவசரம் நக்கோம்மா, ஸ்டியரிங்கை மெதுவா ஒடி," என்றார் அங்கிள். இந்த ஊரில் 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. ஒரு பக்கக் கண்ணாடி மட்டும்தான் உடைந்தது.

டிக்கியைத் திறந்ததும் அம்மா நிரப்பிய தேங்காய்கள் உருண்டு ஓடின. "இது காரா, தேங்கா மண்டியா தங்கச்சி?" என்று லாரி டிரைவர் அண்ணன் சிரித்தார்.

எல்லாரும் போனபின் பின் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் பட்டம் வாங்கிய அன்று, வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி நீங்கள் மண்டபத்துக்குள் வரவே இல்லை. வெளியே நின்று ஒரு மஞ்சள் துணியால் இந்த ஜன்னல் கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த மஞ்சள் துணி வேண்டும், அப்பா. தபாலில் வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். போனில் கேட்க வாய் வரவில்லை.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. எங்கள் ஆபீஸ் வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வண்டியை அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் என்னோடு உள்ளே வரலாம்.

உங்கள் மகள்,
எமி