பெம்பிரிட்ஜ் கப்பும் என் தம்பியும்

6 மார்ச் 2004, சனி

காலிறுதியில் வென்றுவிட்டோம். 3–1. மூன்றும் தம்பி ரதீசன் அடித்தது.

நான் இடதுபக்கப் பின்வரிசை. என் பக்கத்தால் ஒரு குஞ்சும் உள்ளே போகவில்லை. எங்களுக்கு விழுந்த அந்த ஒன்றும் மற்றப் பக்கத்தால் வந்தது. இதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை, ஆகையால் நானே எழுதி வைக்கிறேன்.

பெம்பிரிட்ஜ் கப் என்றால் பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது. லீக்குகளின் அடியில் கிடக்கிற எங்களைப் போன்ற உதைபந்தாட்டக் கிளப்புகளுக்கான நொக்அவுட். ஒருமுறை தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எங்கள் ரொக்ஸ்பேர்ன் ரோவர்ஸ் இதில் ஒருநாளும் இறுதிக்குப் போனதில்லை. எனக்கு முப்பத்திநாலு வயது. இந்தமுறை விட்டால் எனக்கு இனி இல்லை.

அந்த உடுப்பு மாற்றும் அறையில் ஒரு காலத்தில் நான் ஒருத்தன்தான் தமிழன். தம்பியை லண்டனுக்கு எடுப்பித்தது நான். வந்த கிழமையே சப்பாத்து வாங்கிக் கொடுத்துக் கிளப்புக்குக் கூட்டிப்போனதும் நான். இன்றைக்கு மனேஜர் டெரிக் என்னை ஒரு ஆளுக்கு அறிமுகம் செய்கிறார்: "இவர் ராட்டியின் அண்ணன்."

ரதீசன் அவர்களுக்கு ராட்டியாம். அல்போன்ஸ் என்று எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

7 மார்ச், ஞாயிறு

விளைமீன் குழம்பு. நடுத்துண்டு ரதீசனுக்கு. எனக்கு வால்.

"ஏன் பியற்றிஸ், நான் இந்த வீட்டில இல்லையே?" என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை ஓடி விளையாடுறவன், சாப்பிடட்டும்" என்கிறாள் என் மனைவி. அப்ப நான் என்ன, அங்கே கதிரை போட்டுக் குந்தியிருக்கிறனோ?

அவன் நடுத்துண்டை என் சாப்பாட்டுக் கோப்பைக்குத் தள்ளினான். "அண்ணை, நீங்கள் சாப்பிடுங்கோ, எனக்குக் காணும்." அதுதான் இன்னும் எரிச்சல். ஒருநாளாவது முறைத்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறுவேன்.

14 மார்ச்

ஊரில், பாசையூரிலிருந்து அப்பா போன் எடுத்தார். நான்தான் தூக்கினேன். "ஆர், பெரியவனே? சுகமே? சின்னவன் எத்தினை கோல் அடிச்சவன்?"

என் சுகத்துக்கு மறுமொழி சொல்ல நேரம் தரவில்லை.

27 மார்ச், சனி

அரையிறுதி 2–0. வென்றோம்! இறுதிக்குப் போய்விட்டோம்! முழங்காலில் விழுந்து அழுதேன், அதை மறைக்கமாட்டேன். டெரிக் என்னைக் கட்டிப்பிடித்தார். கிழவனும் அழுதார்.

அவன் ஒன்று அடித்தான். மற்றது பெனால்ட்டி, நான் அடித்தது. கிளப்பில் பெனால்ட்டி எப்போதும் என்னுடையதுதான். இடது மூலை, தரையோடு. கோலி மற்றப் பக்கம் பாய்ந்தான்.

வரும் வழியில் கார் முழுக்க அவனுக்குத்தான் போன். சிநேகிதப் பெடியள். நான் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஓம்டா, ரெண்டு கோல்டா" என்று அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒன்று அண்ணை அடித்தது என்று சொல்லுவான் என்று பார்த்தேன். கடைசியில் சொன்னான்தான். ஆனால் கடைசியில்.

2 ஏப்ரல்

உள்ளூர்ப் பேப்பரில் படம் வந்திருக்கிறது. ரதீசன் பந்தோடு பறக்கிறான். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது.

பியற்றிஸ் அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். வெட்டும்போது முழங்கையும் போய்விட்டது.

17 ஏப்ரல், சனி

லீக் மட்ச். பெனால்ட்டி ஒன்று கிடைத்தது. வெளியே அடித்தேன். ரதீசன் வந்து முதுகில் தட்டினான். கையைத் தட்டிவிட்டேன்.

29 ஏப்ரல், வியாழன்

பயிற்சி முடிந்து டெரிக் என்னை ஒருபக்கம் கூப்பிட்டார். திங்கட்கிழமை இறுதியில் பெனால்ட்டி விழுந்தால் ராட்டி அடிக்கட்டுமாம். நான் கோபிக்கக் கூடாதாம். இரண்டு படி மேலே இருக்கிற ஒரு கிளப்பிலிருந்து ஒருவர் அவனைப் பார்க்க வருகிறாராம், பெடியனுக்கு ஒரு வழி திறக்கட்டுமாம்.

"பரவாயில்லை, நல்லது" என்று சிரித்தேன். சிரித்த வாய் இன்னும் நோகிறது.

எத்தனை வருடம் டெரிக்? மழையிலும் சேற்றிலும் எத்தனை சனி? காலை ஷிப்டில் தபால் பிரித்துவிட்டு நித்திரை இல்லாமல் ஓடி வந்தேனே. என்னைப் பார்க்க ஒரு காகம் வந்ததா?

2 மே, ஞாயிறு

தமிழ்ப் பூசைக்குப் போனோம். ரதீசன் கண்ணை மூடி முழந்தாளில் இருந்தான். நானும் அந்தோனியாரிடம் கேட்டேன். நாங்கள் வெல்லவேண்டும். ஆனால் அவன் கோல் அடிக்காமல் வெல்லவேண்டும்.

இப்படி மன்றாடினால் புனிதர் என்னதான் செய்வார்? பாவம்.

3 மே, திங்கள்

தோற்றுப்போனோம்.

4 மே

வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டேன். எழுதாவிட்டால் விசர் பிடிக்கும்.

வங்கி விடுமுறை நாள் என்றபடியால் நல்ல சனம். ஒரு பெரிய கிளப்பின் மைதானத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உண்மையான இருக்கைகள், மேசைவிரிப்பு மாதிரிப் புல். கடைக்காரர் பரமேஸ்வரன் அண்ணை ஒரு வான் நிறையத் தமிழ்ச் சனத்தை ஏற்றி வந்திருந்தார். முதல் பாதியில் அவர்கள் ஒன்று, பிறகு இன்னொன்று. இரண்டாவது என் பக்கத்தால். ஓம், என் பக்கத்தால்தான். அந்தச் செம்பட்டைத் தலையன் என்னைத் தாண்டிப் போனான், எனக்குக் கால் எழும்பவில்லை.

பிறகு ரதீசன் ஒன்று அடித்தான். அரைவட்டத்துக்கு வெளியிலிருந்து. அப்படி ஒரு கோலை நான் என் வாழ்க்கையில் அடித்ததில்லை, அடிக்கவும் மாட்டேன். எல்லோரும் அவன்மேல் விழுந்தார்கள். நானும் ஓடினேன். ஓடும்போதே வயிறு எரிந்தது.

1–2. முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது எங்கள் ஆளை உள்ளே விழுத்தினார்கள். பெனால்ட்டி. அடித்தால் சமன், மேலதிக நேரம்.

ரதீசன் பந்தை எடுத்து வெள்ளைப் புள்ளியில் வைத்தான். எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. கால் தானாகப் போனது. அவன் முன்னால் நின்றேன்.

"தா" என்றேன்.

தமிழில். ஒரு சொல். சுற்றி நின்றவர்களுக்கு விளங்காது. எங்கள் அணியில் வேறு யாரிடமாவது கேட்டிருந்தால், 'மனேஜர் என்னைத்தான் அடிக்கச் சொன்னவர், போடா அங்காலை' என்று தள்ளியிருப்பான். இவன் என்னைப் பார்த்தான். பந்தை எடுத்து இரண்டு கையாலும் தந்தான். மறுக்க அவனுக்கு ஏலாது. வீட்டில் அண்ணை கேட்டால் கொடுக்கிறதுதான். அந்த மைதானத்திலும் அவன் எங்கள் வீட்டுக்குள்ளேதான் நின்றான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

பந்து கம்பத்துக்கு மேலாகப் போய்க் கார் தரிப்பிடத்தில் விழுந்தது.

முடிந்தபிறகு உடுப்பு மாற்றும் அறையில் டெரிக் கத்தினார். என்னிடம் அல்ல, அவனிடம். "உன்னைத்தானே அடிக்கச் சொன்னேன், ஏன் கொடுத்தாய்?" ரதீசன் குனிந்து சப்பாத்தைக் கழற்றியபடி, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துவிட்டது, பயமாக இருந்தது, நான்தான் அண்ணனை அடிக்கச் சொன்னேன் என்றான்.

நான் பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? அவன் முந்திக்கொண்டான், அதனால்தான். பழியிலும் அவன்தான் முதல்!

6 மே, வியாழன்

டெரிக் போனில் சொன்னார். வந்து பார்த்த ஆள் ரதீசனை வேண்டாம் என்றுவிட்டாராம். கால் நல்ல கால்தானாம். ஆனால் இறுதி ஆட்டத்தில் பெனால்ட்டிக்குப் பயந்து பின்வாங்குகிறவனை வைத்து என்ன செய்வது என்றாராம்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. வேறு யார் வாசிக்கப் போகிறார்கள், உள்ளதை எழுதுகிறேன். போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டு இரண்டு பிஸ்கட்டோடு குடித்தேன். இனி அவனும் என்னோடு இங்கேதான், சேற்றில்தான்.

அவன் முன்னறையில் பெற்றோல் ஸ்ரேசன் வேலைக்குப் போடுகிற சேட்டை அயன் பண்ணிக்கொண்டு நின்றான். சொன்னேன். "சரி அண்ணை" என்றான். கொலரைத் திருப்பித் திருப்பி அயன் பண்ணினான். அது எப்போதோ மடிந்துவிட்டது.

9 மே, ஞாயிறு

அப்பா எடுத்தார். இந்தமுறை ரதீசன் தூக்கினான். அப்பா செபமாலைமுத்துவின் குரல் பாசையூர்க் கடற்கரைக்கே கேட்கிற குரல், குசினிக்குள் இருந்த எனக்குக் கேட்காதா?

"பயந்தாங்கொள்ளி! சனத்துக்கு முன்னால பந்தைக் குடுத்திட்டு நிண்டனியாமே? பரமேஸ்வரன்ர பெஞ்சாதி போன் எடுத்து இஞ்சை எல்லாருக்கும் சொல்லிப்போட்டாள். எனக்கு வெளியில முகம் காட்ட ஏலாமல் கிடக்கு!"

"ஓம் அப்பா" என்றான் ரதீசன். "ஓம். ஓம் அப்பா."

பியற்றிஸ் என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்குக் காது கேக்கேல்லையே?"

போய் ரிசீவரைப் பறிக்கப் பார்த்தேன். அவன் விடவில்லை, முதல் முறையாக என் கையைத் தள்ளினான். "அண்ணை, விடுங்கோ, முடிஞ்சுது" என்றான். "தாடா" என்று கத்தினேன். தந்துவிட்டான்.

"அப்பா, அவன் பயப்பிடேல்லை. நான்தான் பறிச்சு அடிச்சனான். எரிச்சலில அடிச்சனான்."

உடனே அப்பா சொல்கிறார்: "அதுதானே பாத்தன். சின்னவன் அப்பிடிச் செய்யமாட்டான்."

எவ்வளவு கெதியாக நம்பினார் பாருங்கள்! ஒரு கேள்வி இல்லை. நான் அப்படிச் செய்வேன் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உண்மையைச் சொல்லப்போயும் பேர் அவனுக்குத்தான்.

11 மே

டெரிக்கிடம் போய்ச் சொன்னேன். முகம் சிவந்தார். ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், எனக்குத் தகும். பிறகு ரதீசனைப் பார்க்க வந்த அந்த ஆளின் நம்பரைத் தந்தார். "எனக்குச் சொன்னதை அவருக்கும் நீயே சொல்."

வேலை இடைவேளையில், தபால் வான்களுக்கு நடுவில் நின்று அவருக்குப் போன் எடுத்தேன். முழுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ கேட்டாய் என்றால், அவன் ஏன் கொடுத்தான்?"

"நான் அவனுக்கு மூத்தவன்."

"அதனால்?"

அதனால் என்றால் என்ன சொல்வது? அதற்கு என் இங்கிலீசில் மறுமொழி இல்லை. "எங்கள் ஆட்கள் அப்படித்தான், சேர்" என்றேன். மற்றப் பக்கத்தில் சிரிப்பு. பெடியனை யூலையில் பயிற்சிக்கு அனுப்பட்டாம், பார்ப்பாராம். ஆனால் ஒரு நிபந்தனை: அண்ணன் வரக்கூடாதாம்.

பகிடிக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

17 யூலை, சனி

ரதீசனை எடுத்துவிட்டார்கள்.

பியற்றிஸ் கேக் செய்தாள். நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. எரிச்சல் போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தேன். இல்லை, இருக்கிறது.

28 ஆகஸ்ட், சனி

ரொக்ஸ்பேர்னுக்கு இன்றைக்கு மட்ச். முழங்கால் நோகுது என்று டெரிக்குக்குப் பொய் சொல்லிவிட்டு ரதீசனின் புதுக் கிளப்புக்குப் போனேன். அவனுக்குச் சொல்லவில்லை. ரிக்கற் எடுத்து, கோலுக்குப் பின்னால் கம்பியோடு ஒட்டி நின்றேன்.

அவனை இறக்கவில்லை! மாற்று ஆட்களின் வாங்கில் குந்திக் கிடக்கிறான். அவனுக்குப் பதிலாக ஓடுகிறவன் ஒரு நெடுவல், பந்து காலில் பட்டால் மூன்று முழம் பாய்கிறது. முதல் பாதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் பாதியிலும் அந்த நெடுவல்தான். இது என்ன அநியாயம்? கண் இல்லையா அந்த மனேஜருக்கு? இந்தப் பெடியன் அடித்த கோலை நீ பார்த்தனியா? உன்ர முழு அணியிலும் ஒருத்தனுக்கு ஏலுமா?

இதையெல்லாம் நான் மனதுக்குள் சொல்லவில்லை என்பது, காவலுக்கு நின்ற மஞ்சள் சட்டைக்காரர் வந்து தோளில் தட்டியபோதுதான் விளங்கியது. கொஞ்சம் அமைதியாக இருக்கட்டாம், இல்லாவிட்டால் வெளியே போகட்டாம். பக்கத்தில் நின்ற கிழவர், "அந்தப் பெடியன் அவ்வளவு திறமோ?" என்று கேட்டார். மிச்ச நேரம் முழுக்க அவருக்கு விளக்கினேன். பாவம், அவர் விளையாட்டையே பார்க்கவில்லை.

கடைசிவரை இறக்கவில்லை.

மட்ச் முடிய ரதீசனையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஹரோவைத் தாண்டும்போது யன்னலைப் பார்த்தபடி சொன்னான், "அண்ணை, இனி வராதேங்கோ. எல்லாருக்கும் கேட்டது. எனக்கு வெக்கமாக்கிடக்கு."

"சரியடா, வரேல்லை. வாற சனி எங்க மட்ச்?"

சொல்லமாட்டானாம்.

சொல்லாட்டிப் போகட்டும். பேப்பரில் போடுவார்கள்தானே.