சந்தனக் குடமும் என் நஃப்ஸும்

புரட்டாசி 1, வியாழன்
காலையில தூறல். பஸ் ஓடல. இட ஒதுக்கீடு கேட்டு மறியல், சங்கராபுரம் ரோட்ல புளியமரம் வெட்டிப் போட்டிருக்காங்க. என் தையல் கடைக்கு ஈ காக்கா வரல. கத்தரிக்கு சாணை புடிச்சேன்.

சாயங்காலம் தர்கா கமிட்டி. ஞாயித்துக்கெழம சந்தனக்கூடு நடத்தறதா, தள்ளிப் போடறதா? கமிட்டிச் செயலாளர் காதர் எங்கியோ சூஃபி மஜ்லிஸ்ல உக்காந்துட்டு வந்ததுலேருந்து எங்களுக்குப் புதுச் சட்டம். "நஃப்ஸ், அதான் இந்த 'நான்', அத செருப்போட வாசல்ல வுட்டுட்டு வாங்க. தனக்கு வேணுங்கறத யாரும் பேசக் கூடாது."

இந்த வருஷம் சந்தனக் குடம் தூக்கற முறை என்னோடது. எத்தினி வருஷமா காத்துக்கினு கெடக்கறேன்! நடத்தணும்னு எந்த வாயால சொல்றது? "தள்ளிப் போடலாம்"னேன். எல்லாரும் தலையாட்டிட்டாங்க. தீர்மானம்.

சோறு எறங்கல.

வெள்ளி
வெயில். மும்தாஜ் கேட்டா, "இன்னாங்க, பேயறஞ்ச மாதிரி உக்காந்துக்கினு?" சொன்னேன். வூட்டுக்காரி சிரிக்கறா. "ஆசைய மறைச்சு நல்லவன்னு பேர் வாங்கனீங்களே, அது மட்டும் நஃப்ஸ் இல்லியா?"

இவ கிட்ட வாய் குடுக்கவே கூடாது.

ஜும்மா முடிஞ்சதும் காதரப் புடிச்சேன். "யோவ், குடம் தூக்க எனக்கு கொள்ள ஆச. சொல்லிட்டேன். இனி கமிட்டி பாடு." அவன் முழிக்கறான். அவனுக்கும் நடத்தணும்னுதானாம்! நான் வேணாம்னதும் எனக்காக வுட்டுக் குடுத்தானாம். தலைவர் அஜீஸ் பாயும் அதே கத. ஆளாளுக்கு வுட்டுக் குடுத்து, ஒருத்தருக்கும் வேணாத முடிவு. பாய் சிரிச்சதுல வெத்தல எச்சி என் சட்ட மேல.

திரும்பக் கூடி சட்டத்த மாத்தனோம். மொதல்ல அவங்கவங்க ஆசைய ஒடச்சு சொல்றது, அப்புறம் அத வுட்டுட்டுப் பேசறது. பேண்டு வாத்தியம் இல்லாம ஞாயித்துக்கெழமயே நடத்தறோம். நிம்மதி. ரெண்டு தட்டு சோறு.

ஞாயிறு
சாயங்காலம் அஜீஸ் பாய் வூட்லேருந்து கெளம்பனோம். குடம் என் தலையில. கழுத்தெல்லாம் சந்தனம் வழியுது, கண்ணு கலங்கிப் போச்சு. ரோட்ல குறுக்க அந்த மரம். சுத்தி மறியல்காரங்க. "திரும்பிடலாம்"ங்கறான் காதர்.

துண்டு கட்டன ஒருத்தர் எழுந்து வந்தாரு. "குடத்த இப்டிக் குடுங்க பாய், அந்தப் பக்கம் சேத்து வுடறோம்." குடுத்தேன். கை மாறி கை மாறிப் போச்சு. நான் கெளைங்களுக்குள்ள பூந்து எறங்கறதுக்குள்ள அவரு தலையில வெச்சுக்கினு நடக்கறாரு. பின்னால அவங்க ஆளுங்க, எங்க ஆளுங்க, ஒரே கூட்டம். நானும் நபி பேர்ல ஸலவாத்து சொல்லிக்கினே, தொண்ட கட்டற வரைக்கும்.

தர்கா வாசல்ல மும்தாஜ். "இன்னாங்க, குடம் எங்க?"

அப்பதான் தலையத் தொட்டுப் பாத்தேன்.